சக்ராதா ஃபமிலியா: உங்கள் டிக்கெட் எதைக் கட்டுகிறது?

ஜூன் 10 நெருங்குகிறது. சக்ராதா ஃபமிலியா ஆலயத்தின் கட்டடக் கலைஞர் அந்தோனி கவுடி இறந்து அன்றோடு நூறு ஆண்டுகள் நிறைகின்றன. ‘பார்சிலோனா ஆலயம் அன்றைக்குக் கட்டி முடிகிறதாமே, டிக்கெட் எப்படி எடுப்பது?’ என்று கேட்டு வாசகர்களின் கடிதங்கள் வந்தபடி இருக்கின்றன. கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு கிளம்புகிறவர்களும், யாத்திரைக் குழுவில் முன்பணம் கட்டிவிட்டவர்களும், ஒரே டிக்கெட்டுக்கு மூன்று தளங்களில் மூன்று விலை பார்த்துக் குழம்பியவர்களும் எழுதியிருக்கிறார்கள். கேள்விகள் பலவாக இருந்தாலும், பணம் எங்கே போகிறது என்பதைப் புரிந்துகொண்டால் பெரும்பாலானவற்றுக்கு விடை கிடைத்துவிடும்.

2026இல் முடிகிறதா?

இல்லை. ‘2026இல் நிறைவு’ என்று பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தது ஆலய நிர்வாகம்தான். 2020 செப்டம்பரில் அது சாத்தியமில்லை என்று அறிவித்ததும் அதே நிர்வாகம்தான். முதல் அறிவிப்பு உலகெங்கும் பரவிய அளவுக்கு இரண்டாவது பரவவில்லை. கவுடியின் நினைவு நூற்றாண்டுக்கென்று குறிவைக்கப்பட்டது நடுவில் நிற்கும் இயேசு கோபுரம் மட்டுமே. திட்டமிட்ட உயரம் 172.5 மீட்டர். 2025 அக்டோபர் இறுதியிலேயே அது ஜெர்மனியின் உல்ம் ஆலயத்தை விஞ்சி, உலகின் மிக உயரமான கிறிஸ்தவ ஆலயம் என்ற பெயரைப் பெற்றுவிட்டது. மொத்தம் திட்டமிட்ட 18 கோபுரங்களில் நான்கும், பிரதான வாசலான மகிமை முகப்பும் இன்னும் எழ வேண்டும். அதற்கு அடுத்த பத்தாண்டின் நடுப்பகுதி ஆகும் என்பதே நிர்வாகத்தின் இப்போதைய கணக்கு. முந்தைய கணக்குகளின் கதி தெரிந்தவர்கள் அந்த ஆண்டை நம்பி விமான டிக்கெட் எடுக்க வேண்டாம்.

காணிக்கையா, கட்டணமா?

நான் மிகுந்த நேரம் செலவிட்டுப் படித்தது இந்தப் பகுதியைத்தான்.

சக்ராதா ஃபமிலியா தன்னைப் ‘பரிகார ஆலயம்’ என்று அழைத்துக்கொள்கிறது. அரசின் பணமும் திருச்சபைத் தலைமையின் பணமும் இல்லாமல், பக்தர்களின் காணிக்கையால் மட்டும் எழும் ஆலயம் என்பது அதற்கு அவர்கள் தரும் விளக்கம். 1882 மார்ச் 19 அன்று, புனித சூசையப்பர் திருநாளில் அடிக்கல் நாட்டியபோது அது முழு உண்மை. யோசனை ஒரு புத்தக வியாபாரியுடையது. பணம் அவர் திரட்டிய பக்தர் சங்கத்துடையது. பிற்காலத்தில் காசுக்குத் தட்டுப்பாடு வந்தபோது கவுடியே நேரில் போய் நன்கொடை கேட்டார். காணிக்கை வந்த வேகத்தில்தான் கட்டடமும் வளர்ந்தது. 43 ஆண்டுகள் அந்தப் பணியில் இருந்த அவர், 1926இல் டிராம் மோதி இறந்தபோது முழுமையடைந்திருந்த கோபுரம் ஒன்றே ஒன்று.

1992 ஒலிம்பிக்ஸ் பார்சிலோனாவை உலகச் சுற்றுலா வரைபடத்தில் ஏற்றிய பிறகு கணக்கு மாறியது. இன்று ஆண்டுக்கு 47 லட்சத்துக்கும் மேற்பட்டோர் உள்ளே போகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டவர். 2025இல் அடிப்படைக் கட்டணம் 26 யூரோ, கோபுரத்தோடு சேர்த்தால் 36 யூரோ. ஆலய வருமானத்தின் பெரும்பகுதி இந்தக் கட்டணம்தான். நூறாண்டாக நத்தை வேகத்தில் போன வேலை, நடுக்கூடத்தின் கூரை முடிந்து 2010இல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் அர்ச்சிக்கும் நிலைக்கு வந்ததும், அதன் பின் கோபுரங்கள் வரிசையாக எழுந்ததும் இந்தப் பணத்தால்தான். கணினி வடிவமைப்பும் கல் அறுக்கும் இயந்திரங்களும் கைகொடுத்தன என்பது உண்மையே. ஆனால் அவற்றை வாங்கவும் காசு வேண்டும்.

இதற்கு ஆதாரம் தேடி அலைய வேண்டியதில்லை. 2020 மார்ச்சில் கொரோனாவால் வாசல் மூடியது, டிக்கெட் வருமானம் நின்றது, கட்டுமானம் நின்றது. சில மாதங்கள் கழித்து வேலை மீண்டும் தொடங்கியபோது 2026 இலக்கு கைநழுவியிருந்தது. பக்தர்களின் காணிக்கையே ஆதாரம் என்றிருந்தால், சுற்றுலா நின்றதும் வேலை முடங்கியிருக்காது.

உண்டியலில் போடுவதும் சீட்டு வாங்குவதும் ஒன்றல்ல. காணிக்கையைக் கொடுப்பவர் மனமுவந்து கொடுக்கிறார். எவ்வளவு என்பதும் அவர் முடிவு. கட்டணத்தைக் கொடுக்காதவர் உள்ளே போக முடியாது. டிக்கெட் பணத்தையும் ‘நன்கொடை’ வரிசையில் வைத்துப் பேசும்போது, அந்தப் பணத்தைப் பற்றி ஊரார் கேட்க வேண்டிய கேள்விகள் பக்தியின் பெயரால் அடங்கிவிடுகின்றன.

ஊரார் என்ன கேட்கிறார்கள்?

முதல் கேள்வி, அனுமதி பற்றியது. 1885இல் கட்டட அனுமதி கேட்டு, அப்போது தனி ஊராக இருந்த சான் மார்த்தி நகராட்சியிடம் விண்ணப்பித்தார்கள். பின்னர் அந்த ஊர் பார்சிலோனாவோடு இணைந்துவிட்டது. முறையான அனுமதி கிடைத்தது 2019இல்தான், அதாவது 130 ஆண்டுகளுக்கும் மேலான பிறகு. அதற்கு முந்தைய ஆண்டு மாநகராட்சியோடு செய்த ஒப்பந்தப்படி, பத்தாண்டுகளில் 3.6 கோடி யூரோ தர ஆலயம் ஒப்புக்கொண்டது. கூட்டத்தால் திணறும் பொதுப் போக்குவரத்து, மெட்ரோ நுழைவு, சுற்றுவட்டாரத் தெருக்கள் ஆகியவற்றைச் சீரமைக்க இந்தத் தொகை. பெரிய தொகையாகத் தெரியும். எல்லோரும் அடிப்படைக் கட்டணம் செலுத்துவதாகக் கொண்டு நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: பத்தாண்டுக்கான அந்தப் பணத்துக்கு நான்கு மாதக் கூட்டம் போதும். கூட்டத்தின் சுமையை அந்தப் பேட்டை மக்கள் பன்னிரண்டு மாதமும் தாங்குகிறார்கள்.

இரண்டாவது கேள்வி இன்னும் கசப்பானது. மகிமை முகப்பு மயோர்க்கா தெருவைப் பார்த்து எழப்போகிறது. அதற்கு முன்னால், தெருவைத் தாண்டி இறங்கும் பெரிய படிக்கட்டு வேண்டும் என்கிறது நிர்வாகம். கவுடியின் எண்ணம் அதுவே என்றும் சொல்கிறது. அவரது பட்டறை 1936இல் உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில் எரிக்கப்பட்டது. வரைபடங்கள் அழிந்தன, மாதிரிகள் நொறுங்கின. படிக்கட்டு கவுடியுடையதுதானா என்று எதிரே குடியிருப்பவர்கள் கேட்பது இதனால்தான். அது கட்டப்பட்டால் அந்தக் குடியிருப்புகளை இடிக்க வேண்டிவரும். பல நூறு குடும்பங்கள் முடிவு தெரியாமல் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கின்றன.

மூன்றாவது கேள்வி என்னுடையது. எத்தனை பேரை உள்ளே விடலாம் என்று முடிவு செய்பவர்களும், கட்டி முடிக்க எவ்வளவு பணம் வேண்டும் என்று கணக்கிடுபவர்களும் ஒரே நிர்வாகத்தில் இருக்கிறார்கள். கூட்டத்தைக் குறைத்தால் வேலை தாமதமாகும். வேலை வேகமெடுக்கக் கூட்டம் வேண்டும். எந்த நிர்வாகத்தின் நேர்மையையும் நான் இங்கே சந்தேகிக்கவில்லை. ஆனால் இப்படியொரு பிணைப்பு இருக்கையில், கூட்டத்துக்கான வரம்பை வெளியிலிருந்து ஒருவர் வகுப்பதுதான் நியாயம்.

அப்படியானால் போகலாமா?

கட்டாயம் போங்கள். காலையில் பிறப்பு முகப்புப் பக்கத்து வண்ணக் கண்ணாடிகளின் நீலமும் பச்சையும், மாலையில் பாடுகள் முகப்புப் பக்கத்துச் செம்மஞ்சளும் தூண்களில் படர்வதை எந்தப் படமும் காட்டிவிடாது. எந்த ஒளி வேண்டும் என்று தீர்மானித்து, அதற்கேற்ற நேரத்துக்கு டிக்கெட் எடுங்கள்.

ஆலயத்தின் அதிகாரபூர்வத் தளத்தில் மட்டும் வாங்குங்கள். ‘வரிசையில் நிற்க வேண்டாம்’ என்று கூடுதல் விலைக்கு விற்பவர்கள் தருவதும் அதே நேரம் குறித்த டிக்கெட்தான். பாதுகாப்புச் சோதனை எல்லோருக்கும் உண்டு. வழிகாட்டியின் விளக்கம் வேண்டுமென்றால் கூடுதல் பணத்துக்குப் பொருள் இருக்கிறது. வரிசைக்காக என்றால் இல்லை. அந்தக் கூடுதல் பணத்தில் ஒரு காசும் கட்டடத்துக்குப் போய்ச் சேராது.

மற்ற கேள்விகள்

*ஜூன் 10 அன்றே போகலாமா?* நினைவு வழிபாட்டு நாட்களில் பொது நுழைவு சுருங்கலாம். தளத்தில் பார்த்துவிட்டு வேறு நாள் வைத்துக்கொள்வது நல்லது.

*விசா முதலிலா, டிக்கெட் முதலிலா?* விசா, ஷெங்கன் விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுக்க வேண்டும்.

*அங்கே போய் வாங்கலாமா?* கோடையில் அதை நம்பிப் போகாதீர்கள்.

*இயேசு கோபுரத்தில் ஏறலாமா?* டிக்கெட்டில் ஏறக்கூடியவை பிறப்பு முகப்பு அல்லது பாடுகள் முகப்புக் கோபுரங்கள், இரண்டில் ஒன்று.

*மூட்டுவலி உள்ளவர்கள்?* மேலே போக லிஃப்ட் உண்டு, இறங்குவது குறுகிய சுழல் படியில், கோபுரத்தைத் தவிர்க்கலாம்.

*மழை பெய்தால்?* மழை, பலத்த காற்று என்றால் கோபுரங்களை மூடிவிடுவார்கள், ஆலயம் திறந்திருக்கும்.

*குழந்தைகளுக்கு?* 11 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கட்டணமில்லை, ஆனாலும் டிக்கெட் எடுக்க வேண்டும்.

*உடை?* தோள் மறைய வேண்டும், தொப்பியைக் கழற்ற வேண்டும்.

*கவுடியின் கல்லறை?* ஆலயத்தின் அடியில், நிலவறைச் சிற்றாலயத்தில்.

*வழிபட மட்டும் வருகிறோம், அதற்கும் பணமா?* இல்லை, ஞாயிறு காலை 9 மணிப் பன்னாட்டுத் திருப்பலிக்கு இடமிருக்கும்வரை யாரையும் இலவசமாக விடுவார்கள், அதற்கு டிக்கெட் என்று யார் எதை விற்றாலும் வாங்காதீர்கள்.