மூச்சின் பாதை – 9: நோயில்லாதவருக்கு மாத்திரை

காசநோய்க்கான சளிப் பரிசோதனை முடிவு வந்த நாளில் நோயாளியின் மனம் என்ன பாடுபடும் என்று சென்ற வாரம் எழுதியிருந்தேன். இந்த வாரம் அதே கூரையின் கீழ் வாழும் மற்றவர்களைப் பற்றி. இருமலும் காய்ச்சலும் இல்லாத அவர்கள் வாசலுக்கும் மாத்திரை வருகிறது.

"எனக்குத்தான் ஒன்னும் இல்லியே, நான் எதுக்குச் சாப்பிடணும்?"

செஞ்சியை அடுத்த வல்லத்தில், மல்லாட்டை உலர்த்தியிருந்த ஒரு வாசலில் இதைக் கேட்டவர் நோயாளியின் அண்ணி. கொழுந்தனாருக்கு டி.பி. என்று தெரிந்த அன்றே அவருடைய தட்டு, தம்ளர், சொம்பு மூன்றையும் தனியே எடுத்துச் சன்னல் திட்டில் வைத்துவிட்டார். பாயும் திண்ணைக்குப் போய்விட்டது. பிள்ளைகளைக் காக்கத் தன்னால் ஆனதையெல்லாம் செய்தவர், நர்ஸம்மா நீட்டிய தடுப்பு மாத்திரை அட்டையை மட்டும் தொடவில்லை.

காசநோய் தட்டிலும் தம்ளரிலும் பரவுவதில்லை, காற்றில் பரவுகிறது. எப்போது பரவுகிறது என்பதை உலகத்துக்குத் தெளிவாகக் காட்டியது நம் மதராஸ்தான். இன்று சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருக்கும் மையம் 1956-ல் தொடங்கியது. ஏழை நோயாளிகளில் ஒரு பிரிவினருக்குச் சானடோரியத்திலும் இன்னொரு பிரிவினருக்கு நெரிசலான அவர்கள் வீடுகளிலுமே ஓராண்டு மருந்து கொடுத்தார்கள். வீட்டிலிருந்தவர்களின் குடும்பத்தாருக்கு, சானடோரியம் போனவர்களின் குடும்பத்தாரைவிட அதிகமாக நோய் வந்துவிடவில்லை. ஆபத்தான காலம் நோயைக் கண்டுபிடிப்பதற்கு முந்தைய மாதங்கள்தான். மருந்து உள்ளே போகத் தொடங்கியதும் பரவல் வேகமாக அடங்கிவிடுகிறது.

அப்படியானால் அண்ணி தட்டைப் பிரித்த அன்று, கிருமி நுழைய வேண்டிய உடம்புக்குள் ஏற்கெனவே நுழைந்திருக்கலாம். நுழைந்தாலும் உடனே நோயாவதில்லை, அடங்கிக் கிடக்கும். இப்படிக் கிருமியைச் சுமப்பவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது அது நோயாக மாறும். முதல் இரண்டு ஆண்டுகளில் வாய்ப்பு அதிகம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஆபத்து இன்னும் பெரிது. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும் அப்படியே.

இந்தக் கணக்கை வீட்டாரிடம் மறைக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். மாத்திரை சாப்பிடும் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு, சாப்பிடாவிட்டாலும் நோய் வந்திருக்காது. அந்தப் பத்தாவது ஆள் யார் என்று முன்கூட்டியே சொல்லும் பரிசோதனை இன்னும் இல்லை. கையில் போடும் ஊசி, கிருமி உள்ளே இருக்கிறதா என்று காட்டும். அது நோயாகுமா என்று சொல்லாது. ஆகவே அண்ணியின் கேள்வியை அறியாமை என்று தள்ளுவது அநியாயம். அது சரியான கேள்வி, பதில் சொல்லத்தான் வேண்டும்.

மாத்திரை இரண்டு வகையில் வருகிறது. ஐசோனியாசிட் தினமும் ஒரு வேளை, ஆறு மாதம். அல்லது அதோடு ரிஃபாபென்டின் சேர்த்து வாரம் ஒருமுறை, 12 வாரம். இரண்டும் அரசு மருத்துவமனையில் இலவசம். சிலருக்குக் குமட்டும், சிலருக்குக் கைகால் மதமதக்கும். மதமதப்பைத் தடுக்க பைரிடாக்சின் தருவார்கள். அரிதாகக் கல்லீரல் பாதிக்கலாம். குடிப்பவர்களுக்கு அந்த ஆபத்து கூடுதல். ரிஃபாபென்டின் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். முன்னமே சொல்லாவிட்டால் அதைப் பார்த்துப் பயந்தே நிறுத்திவிடுவார்கள்.

முடிவை ஒருவர் தனியாக எடுப்பதும் அபூர்வம். மாமியார் என்ன சொல்வார், பெண் பார்க்க வரும் நேரத்தில் டி.பி. மாத்திரை அட்டை கண்ணில் பட்டால் என்ன ஆகும், சர்க்கரைக்கும் பிரஷருக்கும் விழுங்குவது போதாதா, குமட்டலோடு களையெடுக்கப் போக முடியுமா என்று எல்லாமே அங்கே வந்து நிற்கும். பழைய நினைவு வேறு. முன்பெல்லாம் நோயாளி வீட்டில் சின்னக் குழந்தைகளுக்கு மட்டும்தான் கொடுத்தார்கள். 2021-ல் வந்த தேசிய வழிகாட்டுதல்தான் வீட்டிலுள்ள எல்லா வயதினரையும் சேர்த்தது. "அப்ப எங்களுக்கு வேணாம்னீங்க, இப்ப வேணும்ங்கிறீங்க" என்று ஒரு பாட்டி கேட்டால், அதற்கும் பொறுமையாகப் பதில் வேண்டும்.

இந்த மாத்திரை நோயைத் தடுக்குமா என்பதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. அலாஸ்காவில் 1950-களின் இறுதியில் ஜார்ஜ் காம்ஸ்டாக் என்ற மருத்துவர் பெத்தேல் பகுதிக் கிராமங்களில் இதே ஐசோனியாசிடைச் சோதித்தார். ஒரு பிரிவினருக்கு மருந்து, மற்றவர்களுக்கு வெற்று மாத்திரை. மருந்து சாப்பிட்டவர்களிடையே நோய் ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்தது. அதைவிட என்னை நெகிழவைப்பது வேறு: காம்ஸ்டாக் தானும் அதே மாத்திரையைச் சாப்பிட்டார், தன் குடும்பத்தாருக்கும் கொடுத்தார். ஊரார் எடை போட்டுப் பார்ப்பது மாத்திரையோடு சேர்த்து அதை நீட்டும் கையையும்தான்.

வல்லத்து அண்ணி இரண்டாவதாகக் கேட்டது இது: "வாந்தி வந்தா யாரைக் கேக்கறது?" நர்ஸம்மா தன் செல்போன் எண்ணை அட்டையின் பின்புறம் எழுதிக் கொடுத்தார். கண் மஞ்சளானாலும் விடாமல் குமட்டினாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே கூப்பிடச் சொன்னார். திண்ணையிலிருந்து கொழுந்தனார், "நான் தினமும் இதைவிட அதிகமா முழுங்கறேன் அண்ணி, மொத வாரந்தான் ஒருமாதிரி இருந்துச்சு" என்றார். நோயாளியே பேசியதும் அண்ணியின் முகம் இளகியது. தன்னால்தான் இந்த வீட்டுக்கு இத்தனை தொல்லை என்ற குற்றவுணர்வில் பல நோயாளிகள் வாயே திறப்பதில்லை. முதலில் பேச வைக்க வேண்டியவர்கள் அவர்கள்தான்.

மறுப்பவர்களைப் பற்றி மட்டும் பேசினால் படம் பாதிதான். பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2016-ல் வெளியான ஒரு கணக்குப்படி, தடுப்பு சிகிச்சைக்கான பரிசோதனைக்கு வந்திருக்க வேண்டியவர்களில் சிகிச்சையை முடித்தவர்கள் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. நழுவிப்போனவர்களில் பெரும்பாலோர், மருத்துவர் "மாத்திரை சாப்பிடுங்கள்" என்று சொல்லும் கட்டத்துக்கே வந்து சேராதவர்கள். வாசலுக்கு யாராவது வந்து கேட்டிருந்தால் அவர்களும் அண்ணியைப் போல இரண்டு கேள்வி கேட்டிருப்பார்கள்.

அடுத்த வாரம் ஜார்க்கண்ட். நோயாளி வீட்டாருக்கு மாதாமாதம் அரிசியும் பருப்பும் கொடுத்து, அதனால் அவர்களுக்கு நோய் வருவது குறைகிறதா என்று பார்த்த 'ரேஷன்ஸ்' ஆய்வைப் பார்ப்போம். 2023-ல் வெளியான அதன் முடிவில், வல்லம் போன்ற ஊர்களுக்கும் செய்தி இருக்கிறது.

(தொடரும்)