ரியோஹாவில் ஒரு மதியச் சாப்பாடு: எது பழசு, எது புதுசு?

இன்னைக்கு ஸ்பெயினோட ரியோஹா பகுதிக்குப் போறோம். அங்க எல்சியேகோன்னு ஒரு சின்ன ஊர். கல் வீடுகள், ஒரு பழைய தேவாலயம், சுத்தி திராட்சைத் தோட்டம். பக்கத்துலயே ரிப்பனைக் கசக்கிப் போட்ட மாதிரி ஒரு கட்டடம் பளபளன்னு நிக்குது. மார்கேஸ் டி ரிஸ்கால் என்ற ஒயின் எஸ்டேட்டோட ஹோட்டல் அது. ஃபிராங்க் கெரி வடிவமைச்சு, 2006ல திறந்தாங்க. டைட்டானியத் தகட்டுல இளஞ்சிவப்பு ஒயினுக்கு, வெள்ளி நிறம் பாட்டில் மூடிக்கு, தங்க நிறம் பாட்டிலைச் சுத்தியிருக்கிற கம்பி வலைக்கு. (அந்த வலை அழகுக்கு வந்ததில்லை, போலி ஒயினைத் தடுக்க வந்தது.)

பார்த்ததும் எல்லாரும் போடற கணக்கு: 1858ல தொடங்கின நிலவறை பழசு, தகடு புதுசு. சாப்பிட உட்கார்ந்தா இந்தக் கணக்கு கலைஞ்சிடும்.

இந்தப் பகுதியோட பாரம்பரியச் சாப்பாடு உருளைக்கிழங்கும் சோரிசோவும் போட்ட குழம்பு. சோரிசோன்னா மிளகாய்ப்பொடி சேர்த்த பன்றி இறைச்சி சாசேஜ். கிழங்கை முழுசா வெட்ட மாட்டாங்க. கத்தியைப் பாதி இறக்கிட்டு, 'டக்'னு உடைப்பாங்க. உடைஞ்ச பக்கத்துல இருந்து மாவு இறங்கிக் குழம்பு கெட்டியாகும். எனக்கு அந்த மேசையிலேயே பிடிச்சது இதுதான். ஆனா கிழங்கு, மிளகாய் ரெண்டுமே அமெரிக்காவுல இருந்து கப்பல்ல வந்தவை. நம்ம வத்தல் மிளகாய்க்கும் அதே பூர்வீகம்தான்.

அடுத்து ஆட்டுக்குட்டி விலா. கவாத்து பண்ணின காய்ஞ்ச திராட்சைக் குச்சியைக் கட்டுக்கட்டா எரிச்சு, தழல் அடங்கினதும் கங்குல சுடுவாங்க. இது நிஜமாவே தோட்டத்துச் சாப்பாடு.

இப்ப ஒயினுக்கு வருவோம். இங்க 'பாரம்பரியம்'னா கிரான் ரிசர்வா. சிவப்பு ஒயினா இருந்தா மொத்தம் 5 வருஷம் வச்சிருக்கணும், அதுல குறைஞ்சது 2 வருஷம் ஓக் பீப்பாய்ல. இந்தப் பீப்பாய் முறை பிரான்ஸ் நாட்டு போர்தோவுல இருந்து இறக்குமதி ஆனது! உள்ளூர் விவசாயிகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க, 1862ல ஆலவா மாகாண நிர்வாகம் ஜான் பினோ என்ற பிரெஞ்சு நிபுணரைக் கூட்டிட்டு வந்துச்சு. பீப்பாய் வாங்கிப் பல வருஷம் காத்திருக்கிற வசதி விவசாயிகளுக்கு இல்ல, கைவிட்டுட்டாங்க. பிறகு ரிஸ்கால் பினோவைத் தன்கிட்ட வேலைக்கு வச்சுக்கிச்சு. ருசி ஜெயிச்சுதுன்னு மட்டும் சொல்றது எனக்குப் பாதிக் கதையாத்தான் படுது. காசும் ஜெயிச்சுது.

அதுக்கு முன்னாடி இருந்த முறை? பழத்தைக் கொத்தோட கல் தொட்டியில போட்டு நொதிக்கவிட்டு, அந்த வருஷமே குடிச்சிடறது. சின்ன விவசாயிகள் சிலர் இன்னைக்கும் அப்படிப் போடறாங்க. பேரு 'கோசெச்செரோ'. போனீங்கன்னா கேட்டுப் பாருங்க. அந்த ஊரோட ரொம்பப் பழைய முறை, மெனு கார்டுல 'இளம் ஒயின்' வரிசையில, குறைஞ்ச விலைக்கு இருக்கும்.