சுருக்கத்தை மறைக்கப் போய்...

பாபநாசம் பக்கம் ஒரு கிராமத்தில் வசிப்பவள் நான். வயது 49. அறுப்பு, களம், மாடு கன்று என்று வெயிலில் காய்ந்த முகம். நெற்றியிலும் புருவ மத்தியிலும் கோடு விழுந்திருந்தது. மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகும் வரை அதைப் பற்றி நான் கவலைப்பட்டதே இல்லை.

நிச்சயதார்த்த போட்டோவைப் பார்த்த சென்னை ஓர்ப்படி, "என்னக்கா, பொண்ணுக்குப் பாட்டி மாதிரி நிக்கிறீங்க! ஒரு ஊசி போட்டா பத்து வயசு குறைஞ்சுடும்" என்றாள். மார்கழிக் கடைசியில் ஜவுளி எடுக்கப் போன ஊரில், வீட்டில் யாருக்கும் தெரியாமல் ஓர் அழகு நிலையத்தில் போட்டுக் கொண்டேன். போட்டவர் டாக்டரா என்று கூடக் கேட்கவில்லை. அவரும் ஒரு துண்டுச் சீட்டு தரவில்லை.

ஐந்தாம் நாள் காலை கண்ணாடியைப் பார்த்தால், வலது கண் இமை பாதி தொங்குகிறது. கல்யாணத்துக்குப் பதினெட்டே நாள்!

"பக்கவாதமா இருக்கப் போவுதுடா, ஆஸ்பத்திரிக்கு அழைச்சிட்டுப் போ" என்று மாமியார் அழுதார். பக்கத்து வீட்டு அத்தை, கண்ணில் விளக்கெண்ணெய் விடச் சொன்னார். தஞ்சாவூரில் டாக்டரிடம் போனோம். கணவர் பக்கத்திலேயே நின்றதால் ஊசி விஷயத்தை அவரிடமும் மறைத்தேன். திடீரென்று இமை தொங்கினால் மூளையில் கோளாறா என்று பார்த்தாக வேண்டுமாம். தலைக்கு ஸ்கேன் எழுதினார். கல்யாணத்துக்கு வைத்திருந்த பணத்திலிருந்து கணவர் எண்ணிக் கொடுத்தபோது அவர் கை நடுங்கியது. அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது.

ஸ்கேனில் ஒன்றுமில்லை. அடுத்து நரம்பு டாக்டரைப் பார்க்கச் சொன்னபோதுதான் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன். கணவர் திட்டவில்லை. "முதல்லயே சொல்லியிருந்தா மூணு நாள் நான் செத்துப் பிழைச்சிருக்க வேணாமே" என்றார், அவ்வளவுதான்.

பிறகு கண் டாக்டர் பொறுமையாக விளக்கினார். போடாக்ஸ் என்ற இந்த மருந்து ஒரு கிருமியின் நஞ்சிலிருந்து எடுக்கப்படுவது. மிக நுண்ணிய அளவில் போட்டால் தசையைத் தளர வைக்கும். அதனால் சுருக்கம் மறையும். ஆதியில் மாறுகண்ணுக்கும் கண் இமை இழுப்புக்கும்தான் இது வந்தது. அமெரிக்காவில் 1989ல் அதற்கு அனுமதி கிடைத்தது. புருவ மத்திச் சுருக்கத்துக்கு 2002ல்தான். ஊசி இடம் மாறினாலோ மருந்து பரவினாலோ இமையைத் தூக்கும் தசையும் தளர்ந்து இமை தொங்கிவிடும். நெற்றித் தசை அதிகம் தளர்ந்தால் புருவமே இறங்கிவிடும்.

"பயப்படாதீங்கம்மா, நிரந்தரம் இல்லை. மருந்தின் வேகம் குறையக் குறைய, சில வாரத்திலிருந்து இரண்டு மூன்று மாதத்துக்குள் சரியாகும்" என்றார். நடுவில் ஒரு சொட்டு மருந்து தந்தார். இமையை ஒன்றிரண்டு மில்லி மீட்டர் தூக்கிக் கொடுக்கும். இறங்கிய புருவத்துக்கு அது உதவாது. அதையும் டாக்டரைக் கேட்காமல் விடக் கூடாது. கண்ணைத் தேய்க்காதே, எண்ணெய் விடாதே, சரி செய்கிறேன் என்று அதே இடத்தில் போய் மறு ஊசி போட்டுக்கொள்ளாதே என்றும் எச்சரித்தார்.

"எத்தனை யூனிட் போட்டாங்க, எந்த இடத்துல?" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. இருநூறு வருஷத்துக்கு முன் நம் தஞ்சையை ஆண்ட சரபோஜி மன்னர், கண் நோயாளிகளின் விவரத்தை எழுதி, கண்ணைப் படமாகவும் வரைய வைத்தார். அந்த ஏடுகள் சரஸ்வதி மகாலில் இருக்கின்றன. இந்தக் காலத்தில் ஊசி போட்டுக்கொண்ட என்னிடம் ஒரு சீட்டு இல்லை!

தையில் கல்யாணம் நடந்தது. போட்டோவில் என் வலது கண் கொஞ்சம் சின்னதாகத் தெரியும். மாசிக் கடைசியில் இமை பழையபடி ஆனது. கோடுகளும் பின்னாலேயே திரும்பி வந்துவிட்டன. வரட்டும்!

தோழியரே, ஊசி போட்டுக்கொள்வதும் வேண்டாம் என்பதும் அவரவர் இஷ்டம். போடுவதானால் தகுதியுள்ள தோல் டாக்டரிடம் போங்கள். மருந்தின் பெயரையும் அளவையும் எழுதி வாங்குங்கள். கர்ப்பமாக இருந்தாலோ, பால் கொடுத்தாலோ, தசை பலவீன நோய் இருந்தாலோ முன்பே சொல்லுங்கள். இமை தொங்குவதோடு கடும் தலைவலி, எல்லாம் இரண்டாகத் தெரிவது, பேச்சுக் குழறல், கை கால் பலவீனம், விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம், இதில் எது வந்தாலும் ஊசிதான் காரணம் என்று இருந்துவிடாமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். டாக்டரிடம் மட்டும் எதையும் மறைக்காதீர்கள். கணவர் முன்னால் சொல்லக் கூச்சமாக இருந்தால், அவரை இரண்டு நிமிஷம் வெளியே இருக்கச் சொல்லுங்கள், போதும்.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பாபநாசம்.