எடை மீளேற்றமும் மறு அறுவைச் சிகிச்சையும்: முடிவெடுக்கும் முறை குறித்த ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

உடற்பருமனுக்காக அறுவைச் சிகிச்சை செய்துகொண்டோரில் பலருக்குச் சில ஆண்டுகளுக்குப் பின் இழந்த எடையின் ஒரு பகுதி திரும்புகிறது. அந்நிலையில் மீண்டும் ஓர் அறுவையை மேற்கொள்ளலாமா என்னும் வினா எழுகிறது. திரும்பிய எடையின் அளவை மட்டும் கொண்டு இதற்கு விடை காண இயலாது. எடை கூடியதன் காரணம், அதனால் விளைந்த உடல்நலக் கேடு, அக்காரணத்தை அறுவையால் களைய இயலுமா என்பது ஆகிய மூன்றையும் ஆராய்ந்த பின்னரே முடிவுக்கு வரவேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: உடற்பருமன், ஸ்லீவ் அறுவை, பைபாஸ் அறுவை, எடை மீளேற்றம், மறு அறுவை.

1. முன்னுரை

எடைக்குறைப்புக்காக இன்று பெரிதும் செய்யப்படும் அறுவைகள் இரண்டு. ஸ்லீவ் அறுவையில் இரைப்பையின் ஏறத்தாழ 75 முதல் 80 விழுக்காட்டுப் பகுதி நீக்கப்பட்டு, எஞ்சிய பகுதி ஒரு குழலாக அமைக்கப்படுகிறது. பைபாஸ் அறுவையில் இரைப்பையின் மேற்புறத்தில் சிறு பை ஒன்று உருவாக்கப்பட்டுச் சிறுகுடலுடன் நேரடியாக இணைக்கப்படுகிறது. உணவு இரைப்பையின் பெரும்பகுதியையும் சிறுகுடலின் தொடக்கப் பகுதியையும் தொடாமல் செல்கிறது. முன்னர்ப் பரவலாக இருந்த பட்டை அறுவை இப்போது அருகிவிட்டது.

இவ்வறுவைகளுக்குப் பின் எடை மீண்டும் கூடும்போது நோயாளி தம்மைத் தாமே பழித்துக்கொள்கிறார். சுற்றத்தாரும் அவரது மனவுறுதியைக் குறை கூறுகின்றனர். அந்த வெட்கத்தால் மருத்துவரைக் காணாமலே இருந்துவிடுவோர் உள்ளனர். அவசரமாக இரண்டாம் அறுவையை நாடுவோரும் உள்ளனர். இவ்விரு போக்குகளும் தீங்கு விளைவிக்கக்கூடியவை.

2. எடை மீளேற்றத்தின் இயல்பு

எடை ஓரளவு திரும்புவது நீண்டகால ஆய்வுகள் அனைத்திலும் காணப்படும் பொது நிகழ்வாகும். 1987இல் சுவீடனில் தொடங்கிய ஆய்வில், பைபாஸ் செய்துகொண்டோர் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் சராசரியாக 32 விழுக்காடு எடையை இழந்திருந்தனர். பத்தாம் ஆண்டில் அவ்விழப்பு 25 விழுக்காடாக இருந்தது. பட்டை அறுவை செய்துகொண்டோரிடம் 20 விழுக்காடு என்பது 14 ஆகக் குறைந்தது. அமெரிக்காவின் யூட்டா மாநில ஆய்வில் பைபாஸுக்குப் பின் இரண்டாம் ஆண்டில் சராசரி எடையிழப்பு 45 கிலோ; பன்னிரண்டாம் ஆண்டில் 35 கிலோ. எனவே 45 கிலோ குறைந்து 10 கிலோ கூடிய ஒருவரின் நிலை தோல்வியன்று. அதுவே சராசரி நிலையாகும்.

இதற்கு உடலியல் அடிப்படை உண்டு. எடை குறையும்போது உடல் தன் ஆற்றல் செலவைக் குறைத்துக்கொள்கிறது. நிறைவுணர்வைத் தரும் லெப்டின் சுரப்பும் குறைகிறது. அறுவை இந்த எதிர்வினையைத் தணிக்கிறதேயன்றி முற்றாக நீக்குவதில்லை.

எவ்வளவு கூடினால் அதனை மீளேற்றம் எனக் கொள்வது என்பதற்கு ஒருமித்த வரையறை இல்லை. 120 கிலோ எடையுள்ள ஒருவர் அறுவைக்குப் பின் 80 கிலோவாகி, மீண்டும் 92 கிலோவை அடைந்தார் எனக் கொள்வோம். கூடிய 12 கிலோ, தொடக்க எடையில் 10 விழுக்காடு. மிகக்குறைந்த எடையில் 15 விழுக்காடு. இழந்த எடையில் 30 விழுக்காடு. ஒரே உடலைப் பற்றிய மூன்று எண்கள் மூன்று விதமான அச்சத்தை உண்டாக்குகின்றன. 2018இல் வெளிவந்த அமெரிக்கக் கூட்டாய்வு ஒன்று, இழந்த எடையில் எத்தனை விழுக்காடு திரும்பியது என்னும் அளவீடே உடல்நலப் பின்னடைவுடன் மிக நெருங்கிய தொடர்புடையது எனக் கண்டது. ஆகவே மருத்துவர் ஒரு விழுக்காட்டைச் சொல்லும்போது அது எதனுடைய விழுக்காடு எனக் கேட்டறிதல் நன்று.

3. காரணத்தை அறிதல்

காரணங்களை மூவகைப்படுத்தலாம். முதலாவது உடலமைப்புச் சார்ந்தது. ஸ்லீவ் குழல் விரிவடைந்திருக்கலாம்; பைபாஸில் பைக்கும் குடலுக்கும் இடையேயுள்ள இணைப்பு வாய் அகன்றிருக்கலாம்; பைக்கும் ஒதுக்கப்பட்ட இரைப்பைக்கும் இடையே புதிய புழை தோன்றியிருக்கலாம். எண்டோஸ்கோப்பியும் பேரியம் எக்ஸ்ரேயும் இவற்றைக் காட்டும்.

இரண்டாவது மருத்துவம் சார்ந்தது. இன்சுலின், ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகள் ஆகியன எடையைக் கூட்டும். தைராய்டுக் குறைபாட்டையும் ஆராய்தல் வேண்டும்.

மூன்றாவது வாழ்முறை சார்ந்தது. நாள் முழுவதும் சிறிது சிறிதாகக் கொறித்தல், இனிப்புப் பானங்கள், உறக்கக் குறைவு, மனச்சோர்வு, மதுப்பழக்கம் ஆகியன இதில் அடங்கும். பைபாஸுக்குப் பின் மது விரைவாகக் குருதியில் கலப்பதால் மதுச்சார்பு ஏற்படும் இடர் கூடுகிறது. சிறு இரைப்பை பெரும் உணவைத் தடுக்கும். உருகிய ஐஸ்கிரீமையோ இனிப்பிட்ட தேநீரையோ தடுக்காது. இத்தகைய காரணத்தால் கூடிய எடையை இரண்டாம் அறுவையும் நெடுநாள் தடுத்து நிறுத்தாது.

4. மறு அறுவையின் வகைகள்

மறு அறுவை என்னும் ஒரு சொல்லுக்குள் மூன்று வேறுபட்ட செயல்கள் அடங்கியுள்ளன. ஒருவகை அறுவையை மற்றொரு வகையாக மாற்றுவது மாற்று அறுவை. ஸ்லீவைப் பைபாஸாக மாற்றுதல் இதற்குச் சான்று. முன்னைய அறுவையில் நேர்ந்த குறையைச் சரிசெய்வது சீரமைப்பு அறுவை. புழையை அடைத்தல் இவ்வகையினது. பழைய உடலமைப்பை இயன்றவரை மீட்பது மீட்பு அறுவை. கடும் ஊட்டக் குறைபாட்டின்போது இது தேவைப்படலாம். அகன்ற இணைப்பு வாயை எண்டோஸ்கோப்பி வழியே தையலிட்டுச் சுருக்கும் முறையும் உண்டு.

5. பயனும் இடரும்

முதல் அறுவையின் தழும்புகளும் உறுப்புகளின் ஒட்டுதல்களும் இரண்டாம் அறுவையைக் கடினமாக்குகின்றன. கசிவு, குருதிப்போக்கு முதலிய சிக்கல்கள் முதல் அறுவையைவிட மிகுதியாக நேர்கின்றன. எடையிழப்போ பெரும்பாலும் முதன்முறையைவிடக் குறைவாகவே கிடைக்கிறது. குடலின் நீளத்தை மேலும் ஒதுக்கும் அறுவைகளில் எடை கூடுதலாகக் குறையலாம். ஆயினும் வயிற்றுப்போக்கு, புரதக் குறைபாடு, உயிர்ச்சத்துக் குறைபாடு ஆகிய இடர்களும் உடன் வளர்கின்றன. இயல்பாகவே பி12 குறைவாகப் பெறும் சைவ உணவினர் இதனைச் சிறப்பாகக் கருதவேண்டும்.

எடையைவிட வலுவான காரணம் ஒன்றுண்டு. பின்லாந்தில் நடந்த பத்தாண்டு ஒப்பாய்வில், ஸ்லீவ் செய்துகொண்டோரில் 31 விழுக்காட்டினருக்கும் பைபாஸ் செய்துகொண்டோரில் 7 விழுக்காட்டினருக்கும் உணவுக்குழாய் அழற்சி காணப்பட்டது. மருந்துக்கு அடங்காத அமில எதுக்களிப்பால் துன்புறும் ஸ்லீவ் நோயாளிக்குப் பைபாஸாக மாற்றுதல் தெளிவான பயன் தரும். எடை குறைவது அதன் உடன்பயன். எடை எண்ணுக்காக மட்டும் செய்யப்படும் அறுவைக்கு இத்தகைய உறுதி இல்லை.

6. மருந்து என்னும் இடைவழி

அண்மைக்கால மருந்துகள் இம்முடிவின் தன்மையை மாற்றியுள்ளன. அறுவைக்குப் பின் போதிய எடை குறையாத 70 பேரிடம் இங்கிலாந்தில் நடத்தப்பட்டு 2023இல் வெளிவந்த ஆய்வில், 24 வாரங்கள் லிராகுளுடைட் பெற்றோர் சராசரியாக 8.8 விழுக்காடு எடை குறைந்தனர்; வெற்று ஊசி பெற்றோரிடம் அக்குறைவு 0.5 விழுக்காடே. செமாகுளுடைட், டிர்செபடைட் ஆகியன இதனினும் வலிமையானவை. ஆயினும் செமாகுளுடைட்டை நிறுத்திய ஓராண்டில் இழந்த எடையின் மூன்றில் இரு பங்கு திரும்பியதாக, அறுவை செய்யாதோரிடம் நடந்த ஆய்வு காட்டுகிறது. எனவே நெடுங்காலம் மருந்துக்குச் செலவிட இயலுமா என்பதையும் கணக்கிடவேண்டும். கருத்தரிக்க விரும்புவோருக்கும் கருவுற்றோருக்கும் இவை ஏற்றவையல்ல.

7. முடிவுக்கு முன் எழுப்பவேண்டிய வினாக்கள்

1. நீரிழிவு, குருதி அழுத்தம், உறக்க மூச்சுத்தடை ஆகியவற்றில் எது திரும்பியுள்ளது?
2. எண்டோஸ்கோப்பியும் பேரியம் எக்ஸ்ரேயும் எடுக்கப்பட்டனவா? அவற்றில் கண்ட குறை எது?
3. பி12, இரும்பு, டி உயிர்ச்சத்து, புரதம் ஆகியவற்றின் குருதி அளவுகள் சீராக உள்ளனவா?
4. உணவியலாளரையும் மனநல வல்லுநரையும் கண்டாயிற்றா? மருந்து முயன்று பார்க்கப்பட்டதா?
5. முன்மொழியப்படும் அறுவை எக்காரணத்தைக் களைகிறது? இத்தகைய மறு அறுவைகளை அம்மருத்துவர் எத்தனை செய்துள்ளார்?
6. வாழ்நாள் முழுதும் சத்து மாத்திரைகளும் குருதிச் சோதனையும் தொடர இயலுமா?

ஐந்தாம் வினாவின் முற்பகுதிக்குத் தெளிவான விடை கிடைக்காவிடில் அறுவையைத் தள்ளிவைத்தல் தகும்.

8. முடிவுரை

உடற்பருமன் நாட்பட்ட நோய். ஒரு நோயாளிக்குக் குருதி அழுத்தம் மீண்டும் உயர்ந்தால் மருத்துவர் அவரைப் பழிப்பதில்லை; மருந்தை மாற்றுகிறார். எடை மீளேற்றத்தையும் அவ்வாறே அணுகவேண்டும். சீர்செய்யத்தக்க உடலமைப்புக் குறையோ, அடங்காத எதுக்களிப்போ, திரும்பிய கடும் இணைநோயோ இருக்கும்போது மறு அறுவை தக்க தீர்வாகலாம். அவை இல்லாதபோது மருந்தும் உணவுமுறையும் தொடர் கண்காணிப்புமே முதற்படி. எடை கூடத் தொடங்கியதுமே வெட்கமின்றி மருத்துவரை அணுகுவோருக்கு இவ்வழிகள் அனைத்தும் திறந்திருக்கும்.