மேட்டுப் பாதைக்குத் தோதான பழைய மோட்டார் சைக்கிள்

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் மேய்ச்சல் நிலங்கள் பெரும்பாலும் மேடும் பள்ளமுமானவை. வேலி அறுந்துள்ளதா, தொட்டியில் தண்ணீர் உள்ளதா என்று பார்த்து வர ஒரு பகல் முழுவதும் நடக்க வேண்டும். அல்லது குதிரை வேண்டும். இந்த வேலைக்கென்று 40, 50 ஆண்டுகளுக்கு முன் வாங்கிய ஹோண்டா 'டிரெயில்' வண்டிகள் பல இன்னும் கொட்டகைகளில் கிடக்கின்றன. அவற்றைச் சீர்செய்து, ஓய்வு நாளில் காட்டுப் பாதைகளில் ஓட்டி மகிழ்வோர் அங்கு உண்டு. புது வண்டி வாங்க வசதி இருந்தும் சிலர் இதையே தேடிப் பிடிக்கிறார்கள். காரணம், இதன் கியர்.

1960 வாக்கில் இடாஹோ மாநிலத்தின் பாய்சி நகர விற்பனையாளர் ஒருவர், 50 சி.சி. 'கப்' வண்டியின் பின் பல்சக்கரத்தைப் பெரிதாக்கி, முரட்டு டயர் மாட்டி விற்றார். வேட்டைக்குப் போவோரும் பண்ணைக்காரர்களும் விரும்பி வாங்கினர். இதைக் கண்ட ஹோண்டா நிறுவனம் 1961-ல் தானே 'டிரெயில் 50' வண்டியைக் கொண்டு வந்தது. தொடக்க கால டிரெயில் வண்டிகளில் மலையடிவாரம் வந்ததும் இறங்கி, செயினைக் கழற்றி, பெரிய பல்சக்கரத்தில் மாட்டியாக வேண்டும். கை முழுவதும் கிரீஸ்! 1969 வாக்கில் சி.டி. 90 மாதிரியில் துணைக் கியர் வந்த பிறகே இந்தத் தொல்லை தீர்ந்தது. எஞ்சினுக்கு அடியில் உள்ள ஒரு சிறு நெம்புகோலைத் தள்ளினால் 4 கியர்கள் 8 ஆகின்றன. தாழ்ந்த நிலையில் சக்கரம் ஏறக்குறையப் பாதி வேகத்தில் சுழலும். இழுவை ஏறக்குறைய இரட்டிப்பாகும். 90 சி.சி. எஞ்சின் ஓர் ஆளையும் ஒரு சாக்குத் தீவனத்தையும் மனிதன் நடக்கும் வேகத்தில் மேட்டில் ஏற்றிவிடும்.

கைக் கிளட்ச் கிடையாது. 1997-ல் நம் நாட்டில் வந்த ஹீரோ ஹோண்டா ஸ்ட்ரீட் வண்டியை ஓட்டியவர்களுக்கு இந்த அமைப்பு புதிதல்ல. அதுவும் 'கப்' குடும்பத்தைச் சேர்ந்ததே.

வாங்கும்போது

பழைய வண்டி வாங்குவோர் பெயின்டைப் பார்த்து மயங்கக் கூடாது. முதலில் துணைக் கியர் உள்ளதா என்று பாருங்கள். பின்னால் வந்த 105 சி.சி. கொண்ட சி.டி. 110 எல்லாவற்றிலும் இது இல்லை. ஆஸ்திரேலிய அஞ்சல்காரர்கள் பல ஆண்டுகள் ஓட்டி, பிறகு ஏலத்தில் விடப்பட்ட சி.டி. 110 வண்டிகளிலும் கிடையாது. 2020-ல் வந்த புதிய சி.டி. 125-லும் இல்லை. இந்த வண்டியின் உயிரே அதுதான் என்பதால் நிறுவனம் இதை விட்டுவிட்டது பெருங்குறையே.

இருந்தால் மட்டும் போதாது, வேலை செய்ய வேண்டும். வண்டியை நிறுத்தி, தாழ்ந்த நிலைக்கு மாற்றி, முதல் கியரில் நல்ல மேட்டில் ஏற்றிப் பார்க்க வேண்டும். சுமை ஏறும்போது கியர் நழுவினால் அந்த வண்டியை விட்டுவிடுவதே நல்லது. மேட்டின் நடுவில் கியர் நழுவினால் வண்டி பின்னோக்கி உருளும். பாறைச் சரிவில் அது விளையாட்டல்ல.

அடுத்து பெட்ரோல் டாங்கின் உட்புறம். நெடுநாள் நின்ற வண்டியில் துரு உதிர்ந்து கார்புரேட்டரை அடைக்கும். சி.டி. 90-ல் பேட்டரி 6 வோல்ட். பாயிண்ட் முறையில் தீப்பொறி. பாயிண்ட் இடைவெளி 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர், எஞ்சின் குளிர்ந்திருக்கையில் டேப்பெட் இடைவெளி 0.05 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். எஞ்சின் ஆயில் ஒரு லிட்டருக்கும் குறைவாகவே பிடிக்கும். இவ்வளவு சிறிய அளவு விரைவில் கெட்டுவிடுமாதலால் அடிக்கடி மாற்றுவதில் கஞ்சத்தனம் கூடாது.

ஓட்டும்போது

இது பாய்ந்து செல்லும் வண்டியல்ல. தார்ச்சாலையில் பின்னால் வரும் லாரிக்கு வழிவிட்டே போக வேண்டும். கல்லும் வேரும் நிறைந்த ஒற்றையடிப் பாதையில்தான் இதன் அருமை தெரியும். எடை 90 கிலோ அளவே என்பதால், சாய்ந்தாலும் ஒருவரே தூக்கி நிறுத்தலாம். இறக்கத்தில் தாழ்ந்த கியரில் எஞ்சினே பிடித்துக்கொள்ளும். பிரேக்கைத் தொட்டுத் தொட்டுப் பயன்படுத்தினால் போதும். ஓடையைக் கடந்ததும் டிரம் பிரேக் நனைந்து பிடிக்காது. சிறிது தூரம் பிரேக்கை இலேசாக அழுத்தியபடி ஓட்டி உலர்த்திய பிறகே இறக்கத்தில் இறங்க வேண்டும்.

கைபேசி எட்டாத காடுகள் பல உள்ளன. இருவராகச் செல்வது, எந்தப் பாதையில் போகிறோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுச் செல்வது, தலைக்கவசம் அணிவது ஆகியவற்றில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

தீ பற்றி எச்சரிக்கை

கோடையில் அங்குள்ள புல்லும் பைன் இலைச் சருகும் ஒரு பொறிக்குப் பற்றிக்கொள்ளும். ஆகவே தேசியக் காடுகளில் செல்லும் வண்டிகளின் சைலன்சரில் தீப்பொறித் தடுப்பு இருக்க வேண்டும் என்பது விதி. சத்தம் நன்றாக இருக்கிறது என்று வேறு சைலன்சர் மாட்டியவர்கள் இதை இழந்திருப்பார்கள். அதை வாங்குமுன்பே பார்த்துவிட வேண்டும். எஞ்சினைச் சுற்றிச் சேரும் சருகை ஒவ்வொரு முறை நிற்கும்போதும் அகற்றுவது அவசியம். சூடான வண்டியைக் காய்ந்த புல்லின் மேல் நிறுத்தக் கூடாது.

எல்லாப் பாதைகளிலும் ஓட்டவும் அனுமதியில்லை. 1972-ல் வந்த அதிபர் ஆணையும் 2005-ல் வந்த வனத்துறை விதியும் மோட்டார் வண்டிகளுக்கென்று பாதைகளைக் குறித்து ஒதுக்க வழிசெய்தன. வரைபடத்தில் இல்லாத பாதையில் இறங்கினால் மண் அரிக்கும். அடுத்த மழையில் அது ஓடையாகிவிடும். பிறகு உள்ள பாதையும் மூடப்படும்.

பனிக்காலத்தில் வண்டியை நிறுத்தி வைக்குமுன் கார்புரேட்டரிலுள்ள பெட்ரோலை வடித்துவிட வேண்டும். பேட்டரியைக் கழற்றி உலர்ந்த இடத்தில் தனியே வைப்பது நல்லது.