சைக்கிளில் வரும் காப்பிக்கடை

ஞாயிற்றுக்கிழமை காலை வேளையில் ஜகார்த்தாவின் சுடிர்மான், தம்ரின் சாலைகளில் கார்களுக்கு இடமில்லை. ஓடுவோரும் நடப்போரும் சைக்கிளோட்டிகளும் சாலையை நிறைத்துவிடுகிறார்கள். விடுமுறைக்குச் சென்றிருந்த நானும் அந்தக் கூட்டத்தோடு நடந்து, களைத்து, ஒரு கிளைச்சாலையில் ஒதுங்கினேன். அங்குதான் அந்தக் ‘கடை’ நின்றிருந்தது.

கடை என்பது ஒரு பழைய சைக்கிள். பின்னால் ஒரு பெட்டி; அதற்குள் வெந்நீர்க் குடுவைகள், பிளாஸ்டிக் குவளைகள். முன்னால், நம் ஊர் மாமாக் கடைகளில் மிட்டாய்ப் பொட்டலங்கள் தொங்குவதைப் போல, காப்பித்தூள் பொட்டலங்கள் சரம் சரமாகத் தொங்கின.

இவ்வகை வியாபாரிகளை ஜகார்த்தாவாசிகள் ‘ஸ்டார்லிங்’ என்கிறார்கள். ‘ஸ்டார்பக்ஸ்’ என்ற பெயரோடு, சுற்றி வருவதைக் குறிக்கும் ‘கெலிலிங்’ என்ற சொல்லை ஒட்டவைத்த குறும்பு அது.

“பாங், கோப்பி ஹித்தாம் ஒன்று,” என்று எனக்குத் தெரிந்த மலாயில் கேட்டேன். அவர் ஒரு பொட்டலத்தைக் கிழித்து, சர்க்கரை கலந்த தூளைக் குவளையில் கொட்டி, வெந்நீர் ஊற்றினார். கரண்டி இல்லை. கிழித்த பொட்டலத்தையே மடித்துக் கலக்கினார். விலை 5,000 ரூப்பியா, அதாவது நம் பணத்தில் ஏறக்குறைய 40 காசு.

ஆவலோடு ஒரு வாய் குடித்தேன். வாயெல்லாம் தூள்! இது வடிகட்டாத ‘கோப்பி துப்ருக்’. தூள் அடியில் படியும்வரை காத்திருக்க வேண்டும். அவர் சிரித்தபடி, பொறுங்கள் என்று கையால் சைகை காட்டினார்.

காத்திருந்த சில நிமிடங்களில் கொஞ்சம் பேசினோம். அவருடைய ஊர் மடுரா தீவு. ஜகார்த்தாவின் ஸ்டார்லிங் வியாபாரிகளில் பலர் அங்கிருந்து வந்தவர்கள்தாம். மனைவியும் பிள்ளைகளும் ஊரில். இவர் இங்கே சக வியாபாரிகளோடு ஒரே வாடகை வீட்டில் தங்கியிருக்கிறார்.

காப்பிக்கும் இந்த நகருக்கும் நெடுநாள் உறவு உண்டு. ஜகார்த்தா ‘பத்தாவியா’வாக இருந்த காலத்தில், 1696ல் டச்சுக்காரர்கள் இந்தியாவின் மலபார் கரையிலிருந்து காப்பிக் கன்றுகளை இங்கு கொண்டுவந்தனர். அவை வெள்ளத்தில் அழிய, 1699ல் மீண்டும் கொண்டுவந்து நட்டனர். பின்னர் ஜாவாவின் குடியானவர்கள் ஐரோப்பியச் சந்தைக்காகக் காப்பி பயிரிடக் கட்டாயப்படுத்தப்பட்டனர். இன்றும் உலகின் முன்னணிக் காப்பி உற்பத்தி நாடுகளில் இந்தோனீசியாவும் ஒன்று. ஆனால் இங்குள்ள காவலாளிக்கும் கட்டுமான ஊழியருக்கும் கட்டுப்படியாகும் விலையில் காப்பியைக் கொண்டுபோய்க் கொடுப்பது இந்தச் சைக்கிள்தான்.

தூள் படிந்தது. இரண்டாவது வாய் இனிப்பும் இளங்கசப்புமாக இறங்கியது. நம் காப்பிக்கடை கோப்பி-ஓவின் அடர்த்தி இல்லை. ஆனாலும் நடந்த களைப்புக்கு இதமாக இருந்தது.

அப்போது தெருமுனையில் ஒரு விசில் சத்தம். சீருடை அணிந்த அதிகாரிகள் நடைபாதை வியாபாரிகளை அப்புறப்படுத்திக்கொண்டு வந்தார்கள். நான் பணப்பையைத் திறப்பதற்குள் அவர் சைக்கிளில் ஏறி மறைந்துவிட்டார். பிடிபட்டால் சைக்கிளும் சரக்கும் போய்விடும். என் 5,000 ரூப்பியாவுக்காக அவர் எப்படி நிற்பார்?

பாதிக் காப்பி கையில், கொடுக்காத காசு பையில். அரை மணி நேரம் தேடினேன். எல்லாச் சைக்கிளும் ஒன்றுபோலவே இருந்தன. கடைசியில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் பின்புறம் நின்ற வேறொரு ஸ்டார்லிங் வியாபாரியிடம் விவரம் சொன்னேன். பெட்டி என்ன நிறம், பல் எப்படி என்றெல்லாம் விசாரித்தவர், “முன்பல் இல்லாதவரா? எங்கள் வீட்டுக்காரர்தான்,” என்றார். இருவரும் ஒரே வீட்டில் தங்குபவர்களாம். விடிகாலையில் வெந்நீர் நிரப்பிக் கிளம்பினால் இரவில்தான் மறுபடி சந்திப்பார்களாம்.

பணத்தைக் கொடுத்தேன். அதைச் சட்டைப் பையில் மற்றக் காசோடு சேர்க்காமல், ஒரு காலிப் பொட்டலத்தில் மடித்துத் தனியாக வைத்துக்கொண்டார். அவரிடமும் ஒரு காப்பி வாங்கினேன். இம்முறை தூள் படியும்வரை பொறுத்திருந்தேன்.

அண்மைய ஆண்டுகளில், பனைவெல்லமும் பாலும் சேர்த்த குளிர்காப்பியை விற்கும் மின்சார வண்டிகளும் ஜகார்த்தா சாலைகளில் வலம் வருகின்றன. அவற்றையும் சுவைத்துப் பாருங்கள். ஆனால் ஸ்டார்லிங் காப்பி குடிக்க விரும்பினால் காலையிலேயே செல்லுங்கள்; குடுவை நீர் ஆறிவிட்டால் தூள் சரியாகப் படியாது. சில்லறையையும் கையில் தயாராக வைத்திருங்கள். குவளையை வாங்கும்போதே காசைக் கொடுத்துவிடுங்கள்.