நிலையான இணையத்தளம் அமைக்கும் முறை

தாம் எழுதியவற்றை இணையத்தில் வெளியிட விரும்புவோர்க்கு வழிகள் பல உள. ஏதேனுமொரு நிறுவனத்தின் தளத்தில் எழுதுவதே அவற்றுள் எளிதானது. ஆயினும் அவ்வாறு எழுதப்படுவன அந்நிறுவனம் விரும்பும்வரையே நிலைக்கும். ஜியோசிற்றீஸ் என்னும் இலவசத் தளத்தை யாஹூ நிறுவனம் 2009ஆம் ஆண்டு ஒக்டோபரில் மூடியது. போஸ்டரஸ் என்னும் வலைப்பதிவுச் சேவை 2013ஆம் ஆண்டு ஏப்பிரலில் மூடப்பட்டது. பிரதி எடுத்து வைத்திராதோர் தம் எழுத்தை இழக்க நேர்ந்தது. மூலப்படி எழுதியவர் கையிலேயே இருத்தல் வேண்டும் என்பதை இந்நிகழ்ச்சிகள் உணர்த்தின. அதற்கு உதவுவதே நிலையான இணையத்தளங்களை ஆக்கும் மென்பொருள்.

நிலையான தளம் என்பது யாது? பல வலைப்பதிவுகளில், வாசகர் ஒரு பக்கத்தைக் கேட்குந்தோறும், வழங்கி எனப்படும் தொலைவிலுள்ள கணினி தரவுத்தளத்தில் தேடி, அப்பக்கத்தை அப்பொழுதே தொகுத்து அனுப்புகிறது. நிலையான தளத்திலோ பக்கங்கள் யாவும் முன்னரே ஆக்கப்பட்டுக் கோப்புகளாக இருக்கும். கேட்டவர்க்கு அவற்றை எடுத்துக் கொடுப்பதொன்றே வழங்கியின் வேலை. அதனால் பக்கம் விரைந்து வரும், செலவும் குறையும்.

இவ்வகை மென்பொருள்களுள் பெயர்பெற்றது ஜெக்கில். ரொம் பிரெஸ்டன்-வேர்னர் என்பவர் ரூபி மொழியில் இதனை ஆக்கி, 2008இல் வெளியிட்டார். கட்டளைச் சாளரத்திலே சொற்களைத் தட்டச்சுச் செய்தே இதனை ஏவுதல் வேண்டும். புதியவர் தயங்குவது இங்கேதான். ஆனால், தொடக்கத்தில் அறியவேண்டிய கட்டளைகள் மூன்றே.

முதலில் ரூபியையும், பின்னர் ஜெக்கிலையும் கணினியில் நிறுவுதல் வேண்டும். 'ஜெக்கில் நியூ' என்று தட்டித் தளத்தின் பெயரையும் சேர்த்தால், அப்பெயரில் ஒரு கோப்புறை உண்டாகும். அதனுள் அமைப்புக் கோப்பும், கட்டுரைகளுக்கான உட்கோப்புறையும் இருக்கும். கட்டுரை ஒவ்வொன்றும் ஒரு தனிக் கோப்பு. அதன் பெயர் ஆண்டு, மாதம், நாள், தலைப்பு என்னும் ஒழுங்கில் அமையும். கட்டுரை எழுதப்படும் முறை மார்க்டவுன் எனப்படும். ஜோன் குரூபர் 2004இல் வெளியிட்ட இம்முறையில், ஒரு சொல்லை அழுத்திக் காட்ட அதன் இருபுறமும் உடுக்குறி இட்டாற் போதும்.

இரண்டாவது கட்டளை 'ஜெக்கில் சேர்வ்'. இதனால் தளம் எழுதுவோரின் கணினியிலேயே தோன்றும். பிறர் காணுமுன் அவர் கண்டு திருத்தலாம். மூன்றாவதாகிய 'ஜெக்கில் பில்ட்' முழுத் தளத்தையும் ஆக்கித் தனியொரு கோப்புறையில் வைக்கும். அதனை வழங்கிக்கு அனுப்பினால் தளம் வெளியாகிவிடும்.

புதியவர் இடர்ப்படும் இடங்கள் சில உள. நாளைய திகதி இடப்பட்ட கட்டுரை இன்று தோன்றாது. அமைப்புக் கோப்பில் செய்த மாற்றம் இரண்டாவது கட்டளையை நிறுத்தி மீண்டும் ஏவினாலன்றிப் புலப்படாது. ஆக்கப்பட்ட பக்கத்திலே நேராகத் திருத்தினால், அடுத்த முறை தளத்தை ஆக்கும்போது அத்திருத்தம் அழிந்துவிடும். மூலக் கோப்பிலேயே திருத்துதல் வேண்டும்.

வாசகர் கருத்துரைகளை ஏற்கும் வசதி இதில் இயல்பாக இல்லை. அதற்கு வேறொரு சேவையை நாடுதல் வேண்டும். எனினும் ஜெக்கிலே ஒருநாள் மறைந்தாலும் கட்டுரைகள் மறையா. எந்தக் கணினியும் திறக்கவல்ல எளிய எழுத்துக் கோப்புகளாக அவை எஞ்சும். 2013இல் வெளிவந்த ஹியூகோ போன்ற மென்பொருளுக்குச் சிறு மாற்றங்களுடன் அவற்றை மாற்றிக்கொள்ளலாம். ஆயின், கணினி பழுதுபட்டால் அக்கோப்புகளும் போய்விடும். ஆதலின், முதற் கட்டுரையை எழுதிய அன்றே அதன் பிரதியொன்றை வேறோர் இடத்திலும் வைத்துக்கொள்வது நன்று.